தம்பி சொன்ன ஒரு குறை

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவருக்குத் தெருவில் வைத்த பெயர் 'இதுவா அதுவா'. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சின்ன இருட்டறையில், வருகிறவர்கள் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே அட்டையில் எழுதிக்கொள்வார். மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "பாக்கறது அவங்க கண்ணு. நல்லாத்தானே தெரியுதுன்னு சொல்ல நான் யாரு?" என்பார். இந்தக் குணத்துக்காகவே எதிர்ச்சாரியில் உள்ள பளபளப்பான கடையைத் தாண்டி இங்கே வருகிறவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அந்த வழக்கத்தை விட்டார். அதுவும் சொந்தத் தம்பியிடம். அதைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

தம்பிக்குப் பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. இடதுகைக்காரன், கல்யாணம் ஆகாதவன், அண்ணன் வீட்டிலேயே வாசம். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தானானால் கூட்டாளிகளோடு துப்பாக்கி விளையாட்டுதான். பழைய மானிட்டரில் படம் சோம்பேறித்தனமாக நகரும். எதிரி எங்கே நிற்கிறான் என்பது, அவன் சுட்டு இவன் செத்த பிறகுதான் தெரியவரும். முப்பத்தோராவது பிறந்தநாளன்று அண்ணன் மனமிளகி, "வேகமான மானிட்டர் ஒண்ணு வாங்கித் தரேண்டா" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதோடு விட்டாரா? ஒரு மாதம் அதே பைத்தியமாக அலைந்தார். நொடிக்கு அறுபது தடவை படம் மாறுவது சாதாரண மானிட்டர் என்றும், நூற்று நாற்பத்து நாலு, நூற்று அறுபத்தைந்து என்று போகப்போக அசைவு வழுக்கிக்கொண்டு போகும் என்றும் கரைத்துக் குடித்தார். கடையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒன்று வளைந்த பெரிய திரை. பார்க்க அழகு, ஆனால் இருட்டான காட்சியில் கறுப்பு கறுப்பாக அப்பிக்கொண்டு நகர்ந்தது. மற்றது இருபத்து நாலு அங்குலம், தட்டை, ஸ்பீக்கர் கிடையாது, தாங்கி லேசாக ஆடியது. ஆனால் நூற்று அறுபத்தைந்து, விலையும் கைக்கு அடக்கம். குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், திரையை வெள்ளையாக்கச் சொல்லி, ஒளிராமல் செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடினார். விற்பனையாளர் நொந்துபோய், "சார், பெட்டியிலயே படம் மாற ஒரு மில்லி செகண்டுதான்னு போட்டிருக்கு சார்" என்றார்.

"பெட்டியில ஆயிரம் போடுவாங்க. என் கண்ணு சொல்லணும்" என்றார் இவர்.

தட்டையைத்தான் எடுத்தார். வீட்டுக்கு வந்து தானே மாட்டிக் கொடுத்து, கடைக்காரர் ஒட்டிய சீட்டைக் காட்டி, "மூணு வருஷம் கேரண்டி. எதையும் நோண்டாதே, கேரண்டி போயிடும்" என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணி பக்கத்தில் நின்று, "தொட்டே பாக்காதீங்க, பூட்டி வெச்சுடலாம்" என்று கிண்டலடித்தாள்.

நாலாம் நாள் தம்பி தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதே. பழசுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல. சட்டுனு திரும்பினா படம் இழுக்குது. எங்கேயோ ஒண்ணு மாத்தணும்னு கூட்டாளி சொல்றான்…"

"மாத்தறதாவது! நான் கண்ணால பாத்து எடுத்தது அது. உன் கண்ணைத்தான் பாக்கணும்."

மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய் இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்தார். கடைசி வரி வரை தம்பி தடுமாறாமல் படித்தான். அங்கேதான் அண்ணன் வாய் தவறியது. "கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஓசியில வந்த பொருளாச்சே, அதான் குறை தெரியுது."

தம்பி சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இரண்டு நாள் கழித்து, கேட்காமலே, "பழகிடுச்சுண்ணே. இப்ப நல்லா இருக்கு" என்றான். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் தம்பி கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தான். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, "இதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாரா? தலைவலி, பார்வையில ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் இவர். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

அந்த 'இல்ல' அவரை விடவில்லை. இழுக்குது என்று தம்பி சொன்னானே, இழுத்தது படமா, கண்ணா? கண் என்றால் மண்டைக்குள் நடந்துகொண்டிருந்தது அன்றைக்கே வாசல்வரை வந்து சொல்லியிருக்கிறது. அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைக்கிறவர், சொந்தத் தம்பியின் கண்ணில் வந்து நின்றதைத் திட்டி அனுப்பிவிட்டார். சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது "எழுத்து லேசா இழுக்குது" என்று சொல்லிவிட்டால் போதும், ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினோரு பேரை அப்படி அனுப்பினார். பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை. முதலாளி கூப்பிட்டு, "கண்ணாடி விக்கவா, பயங்காட்டவா?" என்று கடிந்துகொண்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. தம்பியின் அறையை, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல், அப்படியே வைத்திருந்தார். மவுஸ் விசைப்பலகைக்கு இடப்பக்கமே கிடந்தது. மாடிவீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்று சுற்றும்போது மேசை அதிரும். மவுஸ் அசைந்து, தூங்கிக்கொண்டிருந்த திரை தானே விழித்துக்கொள்ளும். காரணம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆளில்லாத அறையில் வெளிச்சம் வந்ததும் ஓடிப்போய்க் கதவருகே நிற்பார். "என்னடா, இழுக்குதா?" என்று கேட்பார். சற்று நேரத்தில் திரை அணைந்துவிடும்.

ஒருநாள் இதை மனைவி பார்த்துவிட்டாள். அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. "வித்துடலாங்க. அவன் இருந்தா அவனே விக்கச் சொல்லுவான்" என்றாள். இவர் தலையாட்டினார்.

விளம்பரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மானிட்டரை வாங்கிப் போக ஒரு பெண் வந்தாள். மருந்துக்கடையில் வேலை, அவளும் இதே மாதிரி விளையாடுகிறவள். மவுஸை வலப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, திரையில் திறந்திருந்த ஒரு ஜன்னலை மவுஸால் பிடித்து அங்கும் இங்கும் ஆட்டினாள். புருவம் சுருங்கியது.

"அண்ணே, நூத்தி அறுபத்தஞ்சுன்னுதானே போட்டிருந்தீங்க? இழுக்குதே."

இவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "உனக்குமா? தலை வலிக்குதாம்மா? வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. அறுபதுல ஓடிட்டிருக்கு, அவ்வளவுதான். புதுசா மாட்டினதும் செட்டிங்ல போய் நாமதான் மாத்தணும். மாத்தவே இல்லியா நீங்க?"

ஒரு பட்டியலைத் திறந்து நூற்று அறுபத்தைந்தைத் தேர்ந்தெடுத்தாள். திரை ஒரு கணம் கறுத்து மீண்டது. இந்த மாற்றம் இருக்கட்டுமா என்று கேட்டு, பதினைந்திலிருந்து நொடிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. "சரி கொடுக்கட்டுமா?" என்று அவள் திரும்பிப் பார்த்தாள். இவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நொடிகள் தீர்ந்து, திரை மறுபடி கறுத்து, பழைய அறுபதுக்கே போய்விட்டது.

"ரெண்டையும் எனக்குக் காட்டும்மா" என்றார் கடைசியில்.

அவள் ஜன்னலை ஆட்டிக் காட்டினாள். மாற்றினாள். மறுபடி ஆட்டினாள். விவரம் ஒன்றும் அறியாத பெண், வெள்ளந்தியாகக் கேட்டாள்: "இது நல்லா இருக்காண்ணே, அது நல்லா இருந்துச்சா?"

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இதும்மா" என்றார்.

படம்தான் இழுத்திருக்கிறது. கண் இல்லை. அன்றைக்குத் தம்பியின் கண்ணில் எதுவும் வந்து நிற்கவில்லை, இவர் எதையும் தவறவிடவில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ஆனால் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் 'எதையும் நோண்டாதே' என்ற தன் குரலே காதில் கேட்டது. கூட்டாளி சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், தம்பியும் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தைக்குப் பயந்து, கடைசி ஐந்து வாரமும் படம் இழுக்க இழுக்கவே விளையாடியிருக்கிறான். அந்த 'இப்ப நல்லா இருக்கு', அண்ணன் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய். அதைக் கேட்டுத்தான் இவர் பூரித்துப்போனார்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் ஒயர்களைச் சுருட்டி, மானிட்டரைப் பெட்டிக்குள் இறக்கினாள். மூடுவதற்கு முன், வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். "வேற ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்கண்ணே."

"ஒரு குறை இருக்குன்னு என் தம்பி சொன்னான்மா" என்றார் அவர். "அவன் சொன்னது சரிதான். நான்தான் எழுதிக்கல."