ஐம்பத்தெட்டு கிலோக் கர்ப்பிணிகள்

பல்கேரியாவின் ப்ளோவ்தீவ் நகரத்தில், ஒரு மகப்பேறு ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிப்பவள் ஸ்திலியானா. இருபத்தாறு வருஷச் சர்வீஸ். யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடும் வாய்.

அந்த வருஷம் டாக்டர் வெலிச்கோவ் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். மூன்று மாதக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் உள்ள இரண்டு புரதங்களை அளந்தால், பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பை எவ்வளவு சரியாகச் சொல்ல முடியும் என்பதுதான் கேள்வி. நாலு பேரில் ஒருத்திக்கு அபாயம் என்று வந்தது. அவர்களை வரவழைத்து பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெண்கள் அழுதுகொண்டே வந்து, திட்டிக்கொண்டே போனார்கள். டாக்டர் மெஷின்மேல் சந்தேகப்பட்டு தலைநகர் சோஃபியாவிலிருந்து என்ஜினியரை வரவழைத்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

ஸ்திலியானா ஒரு மத்தியானம் படிவங்களைப் புரட்டினாள். எடை: ஐம்பத்தெட்டு. அடுத்தவளும் ஐம்பத்தெட்டு. புகைப்பழக்கம்: இல்லை, இல்லை, இல்லை.

"டாக்டர், நம்ம ஊர்ல அறுபதைத் தாண்டின பொம்பளையே இல்லபோல. நேத்து ஒருத்தி உக்காந்து நாற்காலி காலு உடைஞ்சுது, அவளும் ஐம்பத்தெட்டுதான்."

டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது. உடம்பு பெருத்தால் ரத்தமும் கூடும், புரதம் அதில் நீர்த்துப்போகும். சிகரெட்டும் அதைக் குறைக்கும். அந்தப் புரதங்களில் ஒன்று குறைந்தாலே அபாயம் என்பது கணக்கு. எடையைக் குறைத்துச் சொன்னவளுக்கு, இல்லாத ஆபத்து காகிதத்தில் முளைக்கும்.

மறுநாளே ஸ்திலியானா வாசலில் எடை மெஷினைப் போட்டாள். அபாயப் பட்டியலில் இருந்த மிலேனா மாமியாரோடு வந்தாள். முள் எண்பத்தொன்றில் நின்றது.

"பூட்ஸ் கனம்க்கா," என்றாள் மிலேனா.

"பூட்ஸை அப்பவே கழட்டிட்டியேம்மா."

சிகரெட்டைப் பற்றிக் கேட்டதும் மிலேனா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள். ஸ்திலியானா எடை மெஷினைத் தட்டிக்காட்டி, "நீங்களும் ஏறுங்கம்மா, குடும்ப விவரம் வேணும்," என்றாள். கிழவி கைப்பையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"நாலு," என்று முணுமுணுத்தாள் மிலேனா. "பால்கனில. சில நாள் ஆறு."

திருத்திக் கணக்குப் போட்டபோது அபாயம் இரண்டாயிரத்தில் ஒன்றுக்கு இறங்கியது. மிலேனா சிரித்தபடி அழுதாள். ஸ்திலியானாவோ அவள் கோட்டுப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

ஒரு மாதம் இதே கூத்து. பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. அபாயம் கடைசிவரை இறங்காத சிலரில் ஒருத்தி ரூமியானா என்ற பள்ளி ஆசிரியை. எடையை முதல் நாளே கிராம் சுத்தமாகச் சொன்னவள், சிகரெட்டைத் தொடாதவள். பனிக்குட நீர்ப் பரிசோதனையும் டவுன் சிண்ட்ரோம்தான் என்றது. ஸ்திலியானா அன்று இரண்டு பேருக்கும் காபி போட்டு எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரூமியானா கோப்பையைச் சுழற்றியபடி, "பெத்துக்கறேன். தயாராக அஞ்சு மாசம் கிடைச்சிருக்கே," என்றாள்.

இலையுதிர் காலத்தில் பையன் பிறந்தான். பெயர் தியான். அடுத்த கோடையில் ஸ்திலியானா பார்க்கப் போனபோது, அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டான்.