உத்தரவு எசமான்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய் என்றால் சிரிக்கிற பாளையங்கோட்டை டீச்சர் நான். ஆனாலும் இது நடந்தது. போன ஜூன் மாதம்... பட்டப்பகலில்.

தம்பி பெனோவும் நானும் தாமிரபரணிக் கரையில் ஒரு ஜமீன் அரண்மனையைப் பார்க்கப் போயிருந்தோம். ஆறு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் சொத்து. உள்ளே என்ன இருக்கிறது? பஞ்சு பிதுங்கும் புலி ஒன்று. சுவர் நிறைய மீசைகள். அதில் ஒரு மீசையாவது ஒரு நாள் உழைத்திருக்காது. இப்போதைய வாரிசு செந்தில்முருகன் வௌவால் எச்சத்தின் நடுவே நின்று பெருமை பேசினார்.

"எங்க தாத்தா இந்த நாற்காலில இருந்து 'யாருலே அங்கன?'ன்னா ஊரே நடுங்கும்லா. வேலைக்காரன் எங்க நின்னாலும் 'உத்தரவு எசமான்'னு குரல் கொடுக்கணும். அதான் வழக்கம்."

பெருங்காயம் இருந்த டப்பா! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவருக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போனார்.

உடனே பெனோ தாத்தாவின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். இல்லாத மீசையை முறுக்கினான்.

"யாருலே அங்கன?"

"உத்தரவு எசமான்..."

பின்கட்டிலிருந்து வந்தது. வறண்ட குரல். மணி 12.10.

"இன்னும் ஆள் வச்சிருக்காங்கக்கா," என்று சிரித்தான். மறுபடியும் கூப்பிட்டான்.

இந்தத் தடவை இரண்டு குரல்கள்.

"உத்தரவு எசமான்... கதவு..."

டக்... டக்... டக்...

யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்! ஓடினோம். பின்கட்டின் கோடியில் ஒரு நெல் அறை. வெளியே துருப்பிடித்த பூட்டு. உள்ளே மூச்சிரைப்பு.

"யாரு உள்ள? பயப்படாதீங்க, தொறக்கோம்!"

"தண்ணி..."

பெனோ கல்லை எடுத்து ஓங்கி அடித்தான். பூட்டு விழுந்தது.

யாருமில்லை.

கதவின் உட்பக்கம் முழுக்க... நகக்கீறல்.

செந்தில்முருகன் ஓடி வந்தார். "உள்ள யாரைப் பூட்டி வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன்.

"அது பழைய கதை டீச்சர். நெல்லு திருடினான்னு தாத்தா ஒரு வேலைக்காரனைப் பூட்டினாரு. மறுநாளே சாரலுக்குக் குற்றாலம் போயிட்டாரு. ஒரு மாசம். மறந்துட்டாரு."

மறந்துவிட்டாராம்! குடையை மறந்ததைப்போலச் சொல்கிறார். காறித் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

"ஒருத்தரா? நாங்க ரெண்டு குரல் கேட்டோம்."

அவர் முகம் வெளுத்தது. அவசர அவசரமாக எங்களை வாசலுக்கு அழைத்து வந்து வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் அவரே போன் செய்தார்.

"குற்றாலத்துல இருந்து வந்த அன்னைக்கே தாத்தாவைக் காணோம், டீச்சர். ஊரெல்லாம் தேடியிருக்காங்க. கடைசில அந்த அறைக்குள்ளதான் செத்துக் கிடந்தாரு. பூட்டு வெளிய பூட்டினபடியே தொங்குச்சு. சாவி... அவரு மடியில இருந்துச்சு."