நாலாவது ஃப்ரெட்டின் இரைச்சல்

தன் பொருளை விற்க வரும்போது குறையை முதலில் சொல்லிவிட்டு, விலையைப் பிறகு சொல்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். பேஸ் கிட்டார் வாங்கி, விற்று, வாசித்துக்கொண்டிருக்கும் நாற்பது பேர் சேர்ந்த ஒரு கைபேசிக் குழுவில் அவருக்குத் தடிக்கம்பி என்று பெயர். பேஸில் மொத்தமே நாலு கம்பிதான். அதில் தடித்த கம்பியை மீட்டினால் தரை லேசாக அதிரும். மற்றவர்கள் மெல்லிய கம்பிகளில் வித்தை காட்டும்போது இவர் மட்டும் அந்தத் தடித்ததையே பிடித்துக்கொண்டு கிடப்பார். அதனால் வந்த பெயர்.

அந்தக் குழுவில் ஒருத்தருக்கும் இசை சோறு போடவில்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஒருவர் பேக்கரி வைத்திருப்பவர். ஒருத்தர் விற்றதை இன்னொருத்தர் வாங்குவார், அவரிடமிருந்து மூன்றாமவர் வாங்குவார், கடைசியில் முதலாமவரே வந்து, "ஐயோ, அதைப் போய் குடுத்துட்டேனே" என்று திரும்ப வாங்கிப் போவார். விற்பனைக்குப் போடுகிறவர் படத்தோடு இரண்டு விஷயம் எழுத வேண்டும் என்பது குழுவின் சட்டம்: குறை என்ன, விற்கும் காரணம் என்ன. முக்கால்வாசிப் பேர் 'குறை: இல்லை. காரணம்: வீட்டில் இடமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் இடமில்லை என்றால், எத்தனை பேஸ் இருக்கிறது என்று மனைவி எண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

தடிக்கம்பி அப்படி இல்லை. பெல்ட் உரசிய கீறல் மூன்று, வால்யூம் திருகைத் திருப்பினால் கரகரப்பு, கூட வரும் உறையின் ஜிப் பாதியில் சிக்கும், உறைக்குள் கிடக்கும் ஆலன் கீ, திருகு முடுக்கும் சாவி, என்னுடையது அல்ல, யாருடையது என்று தெரியவில்லை என்று வரி வரியாக எழுதுவார். "யோவ், விக்கிறியா, வாக்குமூலம் குடுக்கிறியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் அவர் போட்டால் பத்து நிமிஷத்தில் போய்விடும். பேரமே கிடையாது.

பிழைப்புக்கு அவர் டவர் கிரேன் ஓட்டினார். பத்தொன்பது வருஷம். எழுந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மேலே, கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறையில், நாற்காலியின் இரு பக்கமும் இரண்டு லீவர். வலது லீவர் சுமையைத் தூக்கும், இறக்கும். இடது லீவர் கிரேனின் நீண்ட கையைச் சுழற்றும். கீழே சுமையைக் கொக்கியில் மாட்டி, வாக்கிடாக்கியில் "தூக்கு, நிறுத்து" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. இவர்தான் சொல்லி அந்த வேலையில் சேர்த்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் தலை இவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே, கண்ணாடிக்குக் கீழே, மஞ்சள் தொப்பியாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

வினை சிவப்பு பேஸில் ஆரம்பித்தது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். கம்பியை அதன்மேல் நன்றாக அழுத்தினால் சுரம் சுத்தமாக வரும், சரியாகப் படியாவிட்டால் 'ர்ர்ர்' என்று இரையும். அந்தச் சிவப்பு பேஸின் தடித்த கம்பியில், நாலாவது ஃப்ரெட்டில் அந்த இரைச்சல் வந்தது. கழுத்து வளைந்திருக்கும் என்று உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டுக் கால் சுற்று திருப்பினார். இரைந்தது. புதுக் கம்பி மாட்டினார். இரைந்தது. சனியன் என்று திட்டி, 'குறை: தடிக்கம்பி, நாலாவது ஃப்ரெட், இரைச்சல்' என்று எழுதி, விலையையும் குறைத்துப் பல் டாக்டரிடம் தள்ளிவிட்டார். இரண்டு நாளில் டாக்டர் கூப்பிட்டார்.

"எங்கங்க இரையுது? நல்லாத்தானே இருக்கு!"

"நல்லா இருந்தா சந்தோஷம்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்து வேன்காரரிடம் கறுப்பு ஒன்று வாங்கினார். அங்கே வாசித்தபோது வேன்காரர் ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து வாசித்தால் அதே கம்பி, அதே நாலாவது ஃப்ரெட், அதே 'ர்ர்ர்'. மூன்று மாதத்தில் அதையும் விற்றார். வாங்கினவரிடமிருந்து செய்தி வந்தது: 'இரைச்சல் ஏதும் இல்லை அண்ணா. தங்கம் மாதிரி இருக்கு.' இப்போதெல்லாம் எவனுக்கும் காது சரியில்லை என்று தடிக்கம்பி மனைவியிடம் அலுத்துக்கொண்டார்.

அவரை ஏமாற்றியது அவருடைய ஒழுங்குதான். ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்பது அவர் பிடிவாதம். ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில், அடுத்தது இரண்டாவதில், அதற்கடுத்தது மூன்றாவதில், சுண்டு விரல் நாலாவதில். கழுத்தின் நுனியில், கம்பி விறைப்பாக இருக்கிற அந்த இடத்தில்தான் அவர் கை எப்போதும் இருக்கும். நாலாவது ஃப்ரெட்டை வேறு விரலால் அவர் ஆயுசில் தொட்டதில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார். இடது கையிலிருந்து லீவர் வழுக்கியது. பிடி விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், கிரேன் கை சட்டென்று நின்றுவிடும். தொங்குகிற சுமை நிற்குமா? அது வீசிக்கொண்டு போனது. பாதங்களுக்கு நடுவே மஞ்சள் தொப்பி தரையோடு தரையாகப் படுத்தது. இரும்புக் கட்டு அதற்கு மேலாகப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது.

"மாமா! என்ன மாமா பண்றீங்க!" என்று வாக்கிடாக்கி அலறியது.

அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். "லீவர்... லீவர் மக்கர் பண்ணுதுடா."

மெக்கானிக் மேலே ஏறி வந்து, லீவரைப் பிரித்து, கிரீஸ் போட்டு, இரண்டு மணி நேரம் ஆட்டி ஆட்டிப் பார்த்தான். "எங்கண்ணே கோளாறு? நல்லாத்தானே இருக்கு!"

பல் டாக்டர் சொன்ன அதே சொல். தடிக்கம்பி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். ஏனென்றால் அவருக்கு ஒரு சித்தப்பா இருந்தார். முதலில் அவர் கையிலிருந்து ஸ்பூன் நழுவியது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு வருஷத்தில் சட்டைப் பித்தானைச் சித்திதான் போட்டுவிட்டாள். அதற்கடுத்த வருஷம் என்ன ஆனது என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம், அதற்கப்புறம் வாங்கி அதேபோல் இரைந்துகொண்டிருந்த மூன்றாவது பேஸை, பழுப்பு நிறத்தில் ஒன்று, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நாலாவது ஃப்ரெட்டில் வைத்து ஒரு தடவை மீட்டினால், குறை பேஸிலா கையிலா என்று தெரிந்துபோகும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, குழுவில் விற்பனைக்குப் போட்டார். குறை: தடிக்கம்பி, நாலாவது ஃப்ரெட், இரைச்சல். விற்கும் காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, 'வீட்டில் இடமில்லை' என்று எழுதினார்.

அந்த வாரம் முழுக்க லீவரைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்து ஆமை வேகத்தில் ஓட்டினார். "என்னண்ணே, பொண்ணு பாக்கவா போறீங்க, இவ்வளவு பதவிசா?" என்று சூப்பர்வைசர் கேலி பண்ணினார். சிரித்துவைத்தார். உள்ளே சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒவ்வொரு தடவை சுமை கிளம்பும்போதும் மஞ்சள் தொப்பியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

சனிக்கிழமை பகலில் பேக்கரிக்காரர் பேஸ் பார்க்க வந்தார். நகக்கண்ணில் மாவு, முழங்கையில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. மச்சினனும் அக்காவைப் பார்க்க வந்தவன் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாங்குகிறவர் வாசிப்பதற்கு முன்னால் விற்கிறவர் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் குழுவின் சட்டம்தான்.

"நீங்களே வாசிச்சுப் பாருங்களேன்" என்றார் தடிக்கம்பி.

"அட, நீங்க வாசிங்க சார். உங்க கைல கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

மறுக்க முடியவில்லை. ஒயரைச் செருகி வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, சுத்தமாக வந்தது. நாலாவதில் 'ர்ர்ர்'. "பாத்தீங்களா? இதான் குறை" என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

பேக்கரிக்காரர் பேஸை வாங்கித் தொடையில் வைத்தார். அவர் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவர். மாவு பிசைகிற குண்டு விரல்களில் ஏதோ ஒன்றை நாலாவது ஃப்ரெட்டில் வைத்து மீட்டினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுத்தமான, உருண்டையான சுரம். இன்னொரு விரலை வைத்தார். அதே சுத்தம். சுண்டு விரலையும் வைத்தார்.

"எங்க சார் இரையுது? வெண்ணெயா இருக்கு! உங்களுக்கு விக்க மனசில்லையா, உண்மையைச் சொல்லுங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

தடிக்கம்பியும் சிரிக்கப் பார்த்தார். கட்டிலில் மச்சினன் சிரிக்கவில்லை. அவன் பேஸைப் பார்க்கவில்லை, மாமாவின் இடது கையைப் பார்த்தான். சுண்டு விரலடிச் சதை வற்றி, பள்ளம் விழுந்திருந்தது. அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்து போனான். "ரெண்டு பேருக்கும் என்னங்க ஆச்சு? தம்பி வந்தான், உம்முனு இருந்தான், போயிட்டான்" என்றாள் மனைவி. ஒரு பாட்டிலை நீட்டி, "இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்றாள். "குளிக்கப் போறேன்" என்று தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவடைத்துக்கொண்டார். உள்ளே நின்று கணக்குப் போட்டார். வேலை போனால் வேறு வேலை. வீடு போனால் வேறு வீடு. ஆனால் சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும், போனால் அவர் வாயைத் திறந்து நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கீழே அவன் நிற்கிறான். இவளுடைய ஒரே தம்பி.

திங்கட்கிழமை காலை ஏணி ஏறினார். ஏறும்போதே இடது கையை நம்பாமல் முழங்கையை வளைத்து வளைத்துக் கோத்துக்கொண்டு ஏறினார். மேலே நாற்காலிக்குப் பக்கத்தில் தினப்படி பரிசோதனை நோட்டு தொங்கும். தூக்கும் முன் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: பிரேக், இரும்புக் கயிறு, கொக்கி, லீவர், குறை ஏதும் உண்டா.

கீழே மச்சினன் சிமெண்டுப் பலகைகளை மாட்டி முடித்திருந்தான். வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் நின்றான். வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாமா."

"சொல்லு."

"லீவர்ல கோளாறுன்னு எழுதிடுங்க மாமா. மெக்கானிக்கிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு நாள் வண்டியை நிறுத்தி வைப்பாங்க. அதுக்குள்ள யாருக்கும் தெரியாம டாக்டரைப் பாத்துடலாம்."

அவருக்குக் கண் கலங்கிப்போயிற்று. இரண்டு நாள். அப்புறம் இன்னும் இரண்டு நாள். லீவர் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓட்டலாம். பேனாவை எடுத்தார். பாதங்களுக்கு நடுவே மஞ்சள் தொப்பி அண்ணாந்து, முகமாகத் தெரிந்தது.

குறை எழுதத் தெரிந்த மனிதர் அவர். எழுதினார்: 'பிரேக் நன்று. கயிறு நன்று. கொக்கி நன்று. இடது லீவர் நன்று, போன வாரமும் நன்றாகவே இருந்தது. ஓட்டுநரின் இடது கையில் பிடி நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை சுமை வீசியது அதனால்தான். இனி இவர் ஓட்டக் கூடாது.' கையெழுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்தை அணைத்தார்.

"தள்ளி நில்லுடா. நான் இறங்கி வரேன்" என்றார் வாக்கிடாக்கியில்.

அவன் தள்ளி நிற்கவில்லை. ஏணிக்கு அடியில் வந்து, கடைசிப் படி வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். இறங்கியதும் அவருடைய இடது கையைப் பிடித்து, சுண்டு விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். அவன் கையும் சில்லிட்டிருந்தது.

"அழுத்துங்க மாமா, பாப்போம்" என்றான்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. அவன் காத்திருந்தான்.

"ம், அழுத்துங்க மாமா."

"அழுத்திக்கிட்டுத்தாண்டா இருக்கேன்" என்றார் அவர்.