பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த உப்பு

எங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விடலாம் என்றிருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு ஒடிசாக்காரரைப் புரோக்கர் கூட்டி வந்தார். நான் கேட்ட கேள்விகளைக் கேட்டால் போலீஸ்காரரே கூசிப்போவார். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். "ஒசாகாவுல நம்மளயும் இப்படித்தானே கேட்டாவ, மறந்துட்டியளா?" என்றாள் மனைவி.

மறப்பேனா? கல்யாணமான புதிதில் அங்கே கப்பல் பட்டறையில் எனக்கு வேலை. வீடு தேடிப் போன இடமெல்லாம் இடுப்பு வளையக் குனிந்து, சிரித்த முகமாய், "வெளிநாட்டுக்காரர்களுக்கு இல்லை" என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு மரியாதையாக விரட்டினால் யார்மேல் கோபப்படுவது? கடைசியில் கம்பெனி ஜாமீன் நின்று ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு அமைந்தது. மனைவி பிள்ளைத்தாய்ச்சி, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீடும் போனால் பிரசவத்துக்கு எங்கே போவது?

புது வீட்டில் குளியல் தொட்டி நிரம்பியதும் சுவரிலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். தண்ணீர் நிரம்பியதைச் சொல்லும் மெஷின் குரல் அது என்று பிறகுதான் தெரிந்தது. "யாரு இவ, நீங்க குளிக்கப் போற நேரம் பாத்துப் பேசுதா?" என்று மனைவி என்னை முறைப்பாள். வீட்டுக்காரர் ஒட்டுக்கேட்கிறாரோ என்று எனக்கு வேறு சந்தேகம்.

குடிவருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சின்னதாக ஏதாவது கொடுத்து அறிமுகமாவது அங்கே வழக்கம். துண்டு, சோப்பு என்று கொடுப்பார்களாம். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், மாமனாருக்கு முள்ளக்காட்டில் உப்பளம். புது வீட்டுக்குள் முதலில் கொண்டுபோவதே உப்புதானே, அதைவிட மங்கலம் ஏது? ஊரிலிருந்து கொண்டுபோன உப்பை வெள்ளைத் துணியில் முடிந்து, பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாளிடம் நீட்டினோம். அவர் முகம் மாறியது. குனிந்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலின் இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகளில் உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தது.

"இது செய்வினைதான். அந்தம்மா நம்மள இங்கன இருந்து கெளப்பப் பாக்காவ," என்றாள் மனைவி. நான் பகுத்தறிவு பேசுகிறவன், ஆனாலும் தட்டுகளில் கால் படாமல்தான் போய்வந்தேன். அங்கே பல வருஷம் இருந்த மதுரைக்காரர் ஒருவர் பட்டறையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "யோவ், இங்க சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்குத்தான்யா உப்புப் பொட்டலம் குடுப்பாங்க." போச்சு, புகார் போயிருக்கும், வீடு கைவிட்டுப் போனது என்றே முடிவுகட்டினேன். அந்தம்மாள் லிஃப்டுக்கு நின்றால் நான் படியில் இறங்கிவிடுவேன், ஒன்பது மாடியும்.

ஒரு மத்தியானம், நான் பட்டறையில் இருந்தபோது, மனைவிக்கு நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. பாஷை தெரியாமல் சுவரைத் தட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸை வரவழைத்து, கூடவே ஏறி, நான் போய்ச் சேரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தம்மாள்தான். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த மதுரைக்காரர் அந்தம்மாளிடம் பேசிப் பார்த்துச் சொன்னார்: கெட்டது எதுவும் அண்டாமல் வாசலில் உப்பு வைப்பதும் அவர்கள் வழக்கமாம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு என்று, நாங்கள் கொடுத்த உப்பையே எங்கள் வாசலுக்கு வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன வருஷம் ஒரு கப்பல் வேலையாக ஒசாகா போனேன். அங்கே பிறந்த மகளின் கல்யாணப் படத்தை அந்தம்மாளிடம் காட்ட வேண்டும் என்று அந்த ஒன்பதாம் மாடிக்குப் போனேன். அவர் வீட்டுக் கதவுப் பலகையில் வேறு பெயர். தெரிந்தும் மணியை அழுத்தினேன். மணியோடு இருந்த காமிராவில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைக் காமிராவுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். விளக்கு அணைந்துவிட்டது, கதவு திறக்கவில்லை.