தைலம் தேய்க்க நீட்டிய கால்

போன வருடம் ஆவணி மாதம், உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். என் தங்கை மகளுக்குச் சடங்கு. நான்தான் தாய்மாமன்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மதுரையில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்திருந்தேன். நூற்றிருபது கிலோ உடம்போடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும், 'வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான்' என்று சொந்தங்கள் கேலி பேசுமே! மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. இளைத்ததைப் பற்றிக் கேட்டவர்களிடம் நடைப்பயிற்சி, கம்பங்கூழ் என்று அளந்துவிட்டேன். இரண்டு பேருக்கு ஆலோசனை வேறு சொன்னேன்.

அலுவலக நண்பர்களோடு சிங்கப்பூர் போக முன்பே டிக்கெட் போட்டிருந்தோம். "இப்ப விமானப் பயணமெல்லாம் வேண்டாங்க" என்றார் டாக்டர். போகாவிட்டால் காரணம் சொல்ல வேண்டுமே, போனேன். திரும்பும்போது ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இருந்த இருவரும் அசந்து தூங்கினார்கள். அவர்களை எழுப்ப மனமில்லாமல் நாலு மணி நேரம் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீரையும் தொடவில்லை.

மறுநாள் சடங்கு. சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் நடந்தபோது இடது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. உட்கார்ந்து வேட்டியை விலக்கினால் கால் வீங்கிச் சிவந்திருக்கிறது. தங்கை வீட்டுக்காரர் தைலத்தோடு ஓடி வந்தார்.

"நரம்பு பெரண்டிருக்கும் மச்சான். ரெண்டு உருவு உருவுனா சரியாப் போகும்."

காலை நீட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். தங்கை வீட்டுத் தெருவில் குடியிருக்கும் நர்ஸாம்.

"உருவாதீங்கண்ணே" என்றவர் என்னிடம் திரும்பி, "தூரமா எங்கயும் போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"நேத்துதான் சிங்கப்பூர்ல இருந்து வந்தேன்."

"சமீபத்துல ஆபரேசன் ஏதும் செஞ்சீங்களா?"

சுற்றி இருபது பேர் என் வாயையே பார்த்தார்கள். "அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

தங்கை வீட்டுக்காரர் மறுபடி தைலத்தைக் கையில் ஊற்றினார். அதற்குள் என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பொய் சொல்றாரு. வயித்துல ஆபரேசன் பண்ணி ஒரு மாசந்தான் ஆகுது."

நர்ஸின் முகம் மாறிவிட்டது. "யாரும் கால அமுக்கிராதீங்க. ஒடனே கார எடுங்க" என்றார். கழுத்தில் போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், ஆபரேஷன் ஆன உடம்போடு விமானத்தில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் காலுக்குள் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது என்றார். உருவியிருந்தால் அது நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்து, உயிரே போயிருக்கலாமாம்.

கேலி செய்வார்கள் என்று நான் பயந்த சொந்தங்கள் சடங்குச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். "எங்கிட்டகூடச் சொல்லலையேண்ணே" என்று தங்கை அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில மாதம் மாத்திரை சாப்பிட்டு, கால் சரியாகிவிட்டது. ஆனால், உயிரைக் காப்பாற்றக் கேட்ட ஒரு கேள்விக்கும் என் வாயில் பொய்தான் முந்திக்கொண்டு வந்தது என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.