நூற்றிருபது யூரோவும் ஒரு கதவும்

போன மாதம் எனக்குச் சம்பளம் கூடியது. கைக்கு வந்த காசு குறைந்தது.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் யாரோ தட்டச்சில் பிழை விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இங்கே இத்தாலியில், கால்சாப் பகுதியில் ஒரு சின்ன ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை இரண்டு மாடிகளுக்குப் பொறுப்பாக்கி, மாதம் நூற்றிருபது யூரோ கூட்டினார்கள். அன்றைக்கே வீட்டுக்கு நடக்கும் வழியில் மனக்கணக்குப் போட்டேன். வரிக்கு ஒரு இருபது போகட்டும்... நூறு மிஞ்சும். நூறு! நாங்கள் பார்த்து வைத்திருந்த புது வீட்டுக்கு, இப்போதைய வாடகையைவிட நூறுதான் கூட.

அந்த வீட்டில் ஒரு அறை அதிகம். போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருக்கும் வீட்டில் மகள் ஷெரினுக்குக் குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் கட்டில். வயது பதினைந்து. நான் விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்க, அவள் தலையணையால் காதைப் பொத்துவாள்.

"எனக்குக் கதவுள்ள அறை ஒண்டு போதும், அம்மா" என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். புது வீட்டின் சொந்தக்காரருக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் சொல்லிவிட்டேன்... அதுதான் பெரிய பிழை.

இந்தக் கணக்குப் பிழை எங்கிருந்து வந்தது தெரியுமா? பதினான்கு வருஷம் சிஞ்ஞோராமார் என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய எசமானிமாரின் வீடுகளில் வேலை செய்ததில். வீட்டுவேலைச் சம்பளத்தில் அவர்கள் வருமான வரி பிடிப்பதில்லை. வரி வந்தால் வருஷத்துக்கு ஒருமுறை நாங்களே போய்க் கட்டுவோம். ஐம்பது கூட்டினால் சம்பளக் கவரில் ஐம்பது கூட இருக்கும். இங்கே எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் என்றால் அந்தக் கவர்தான். ஹோட்டலுக்கு வந்து மூன்று வருஷமாகியும் என் புத்தி இன்னும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

சம்பளத் துண்டை வாசித்தது ஷெரின். அதில் இருக்கும் இத்தாலியன் எனக்கு விளங்காது. மேசையில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"அம்மா, கைக்கு வாறது போன மாசத்தை விட ஒன்பது யூரோ குறைய."

"வடிவாப் பார், பிள்ளை."

"ரெண்டு தரம் பாத்திட்டன்."

அடுத்த நாள், வரிக் கணக்குப் பார்த்துத் தரும் அலுவலகத்தில் ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். குறைந்த சம்பளக்காரருக்கு அரசு மாதாமாதம் ஒரு தொகை சேர்த்துத் தருமாம். நான் அந்த எல்லையைத் தாண்டிவிட்டேனாம் — கொஞ்சத்தால்! அதனால் அது நின்றுவிட்டது. வரியும் கூடிவிட்டது. இந்த வருஷம் ஏற்கெனவே வாங்கியதையும் டிசம்பரில் திருப்பிப் பிடிப்பார்களாம்.

கூட்டிய சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இதைக் கேட்ட முதல் ஆள் நான் இல்லைப் போலிருக்கிறது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது. உழைக்க எங்களுக்குத் தெரியும். எவ்வளவு உழைத்தோம் என்று அறியத்தான் இன்னொருவர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்து, வீடு வேண்டாம் என்றேன். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை... துண்டை வாசித்ததே அவள்தானே?

"நீர் ஏன் அவளுக்கு முந்திக்கொண்டு சொன்னனீர்?" என்றார் கணவர். பிறகு சந்தைக்குப் போனார். தடித்த துணியும் கம்பியும் வாங்கிவந்து, கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார்.

ஷெரின் உள்ளே போய் இழுத்து மூடினாள். ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாளோ? மெல்லத் திரையை விலக்கினேன்.

"அம்மா! தட்டிப்போட்டு வாங்கோ!"

துணியை எப்படித் தட்டுவது? இப்போது ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே நின்று, வாயாலேயே "டொக் டொக்" என்கிறேன். "ஓம், வாங்கோ" என்று வரும் வரைக்கும் நிற்கிறேன்.

வரிசையில் நின்று பழக்கம்தானே!