மைக்கில் கேட்ட மன்றாட்டு

கோயிலால் வந்த உடுப்போடு, ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து இன்ரநெற் கடையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று இங்கே பலேர்மோவில் நம் கல்லூரிப் பழைய மாணவர் அணி வென்றுவிட்டது. சிவப்பு அட்டையில் ஒருவரை இழந்தும், கடைசி நிமிடத்தில் ஒரு கோல். எதிரணி எந்தக் கல்லூரி என்று சொல்லவும் வேண்டுமா?

போன வருடம் அவர்கள் வென்றபோது, ஞாயிறு பூசையில் அதற்கு நன்றி மன்றாட்டு வாசித்து, தோற்ற எங்களையும் பதில் சொல்ல வைத்தார்கள். பாடகர் குழுவில் மைக் பிடிக்கும் அவர்களுடைய அன்ரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இன்று மன்றாட்டு வாசிக்கும் முறை எனக்கு.

நோயாளிகளுக்காக, ஊரின் அமைதிக்காக, இங்கே தங்கப் பெர்மெசோ கிடைக்காதவர்களுக்காக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அன்ரன் மைக்கில் பதிலைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். குரலை மாற்றாமல் அடுத்ததையும் வாசித்தேன்.

"அடுத்த வருடமும் எங்கள் கல்லூரி அணியே வெல்ல வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான் அன்ரன், மைக்கில், கணீரென்று. பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வாசலில் என்னை மறித்தான். "கோயிலுக்குள்ளை இப்பிடிச் செய்யலாமோடா?"

"நான் வாசிச்சது மட்டும்தான். மன்றாடினது நீ."

அடுத்த வருடம் அவன் எந்தப் பக்கம் நின்று கத்தப் போகிறான்? யாராவது கேட்டு எழுதுங்கள். என்னோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று போய்விட்டான்.